வந்தார்களா, வரவில்லையா

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதையே வேலையாகக் கொண்ட ஒருத்தியின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது? கட்டடம் கட்டியவருக்குக் கட்டடம் நிற்கிறது. சமைத்தவருக்குக் காலியான பாத்திரமாவது மிஞ்சுகிறது. வராத திருடனை யாராலும் பிடித்துக் காட்ட முடியாது. பூட்டக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது கேட்டதா என்பது வேறு விஷயம். உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு அவளை யாரும் சும்மா விட்டதில்லை.

மனநலத்துக்கென்றே நடந்துவந்த ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த அவளுடைய அறை ஒரு காலத்தில் வெளுத்த துணி அடுக்கும் இடமாக இருந்தது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் சோப்பு வாசனை போகவில்லை. யாராவது டாக்டரோ நர்ஸோ கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால், பின்னாலேயே வந்து திரையைப் பூட்டிவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். அதனால்தான் அந்தப் பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அந்த மருத்துவமனையில் மருந்தைவிடப் பேச்சுக்குத்தான் மரியாதை. ஒவ்வொரு அறை வாசலுக்கு மேலும் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. உள்ளே நோயாளி பேசிக்கொண்டிருக்கும்வரை அது எரியும். அது எரியும்போது கதவைத் தட்டக் கூடாது, போன் அடிக்கக் கூடாது, நடைபாதையில் தள்ளுவண்டியைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பலர் வீட்டிலிருந்தபடியே திரை வழியாகவும் பேசினார்கள். முன்பொரு முறை யாரோ ஏதோ ஒரு மெஷினை அணைத்து எழுப்பியதில், அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒருவருடைய பேச்சு பாதியில் அறுந்தது. அவர் மறுபடி கூப்பிடவில்லை. என்ன ஆனார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த மெஷினில் கை வைப்பதானாலும் புதன்கிழமைக் கூட்டத்தில் வைத்து, எல்லோரும் சரி என்ற பிறகுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அலுவலகத்துச் சோம்பேறித்தனம்போலத் தெரியலாம். ஒரு மனிதரை இழந்த இடத்தில் பிறந்த விதி அது. பூட்டக்காவும் அதை ஒருநாளும் கேலி செய்ததில்லை.

அவளுடைய தொழிலின் சங்கடம் சொல்லச் சுலபமானது. எந்த மென்பொருளும் ஓட்டையோடுதான் பிறக்கிறது. எங்கே ஓட்டை என்று செய்தவனுக்கே தெரியாது. யாராவது நல்லவர் கண்டுபிடித்துச் சொன்னால், செய்த கம்பெனி அதை அடைக்க ஓர் அப்டேட் அனுப்பும். அவசரம் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். சில ஓட்டைகளை மட்டும் திருடன் முந்திக்கொண்டு கண்டுபிடித்துவிடுகிறான். அப்போது வரும் அறிவிப்பில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: இந்த ஓட்டை தற்போது பயன்படுத்தப்பட்டு வருகிறது. அந்த வரியைப் பார்த்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ யாருடைய வீட்டுக்குள்ளோ ஆள் நடமாடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அது தன் வீடாகவும் இருக்கலாம்.

அவளுக்கு ஒரு தம்பி. லிப்ட் மெக்கானிக். நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று படுத்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பான், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான். சொல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அம்மா அழுது பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் பூட்டக்காதான் தன் மருத்துவமனைக்கு வரச்சொல்லி வாரக்கணக்கில் அவனிடம் மன்றாடினாள்.

"அங்க சொல்றதை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்கல்ல?" என்றான் அவன்.

"ஏத்துவாங்க. டாக்டர் மட்டும்தான் படிப்பார்."

"நீ?"

"எனக்கே தெறக்காது. நான் வெளியில நிக்கிற ஆளு."

"வேற எவனாவது?"

"டேய், அங்க பூட்டே நான்தான்டா. என்னைத் தாண்டி ஒருத்தனும் வர மாட்டான். போதுமா?"

அவன் வந்தான். இன்னாருக்கு இன்னார் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தான். நடைபாதையில் எதிரே பார்த்தால் இருவரும் அறிமுகம் இல்லாதவர்கள்போல நடப்பார்கள். அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லாத எதையெல்லாமோ அந்த அறையில் சொன்னான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். மெல்ல மெல்லத் தானாகவே முகம் மழித்துக்கொள்ள ஆரம்பித்தான். பழைய முதலாளி அரை நாள் வேலைக்குக் கூப்பிட்டபோது போய் வந்தான். ஒரு நாள் அம்மாவிடம் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டைகூடப் போட்டான். அம்மா சமையலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள்.

அந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அறிவிப்பு வந்தது. வீட்டிலிருந்து பேசும் நோயாளிகளும் டாக்டர்களும் மருத்துவமனைக்குள் நுழைவதற்கென்று ஒரு மெஷின் உண்டு. அதை எல்லோரும் வாசல் மெஷின் என்பார்கள். ஓட்டை அதில். அந்தக் கூடுதல் வரியும் இருந்தது.

பூட்டக்கா பெரிய டாக்டரின் அறைக்கு ஓடினாள். விளக்கு எரியவில்லை.

"சார், வாசல் மெஷின்ல ஓட்டை. வெளியில ஏற்கெனவே பல எடத்துல புகுந்துட்டாங்க. அடைக்க அப்டேட் வந்திருக்கு. போட்டா மெஷினை ஒரு தடவை அணைச்சு எழுப்பணும். அது முடியாதுன்னா, போடுற வரைக்கும் கழட்டியாவது வெச்சிடலாம்."

"சனி ஞாயிறுதான் வீட்லேருந்து பேசுறவங்க அதிகம். உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"நம்மகிட்ட வந்துட்டாங்களா?"

"தெரியாது."

"வருவாங்களா?"

"அதையும் சொல்ல முடியாது சார். வரலாம்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. கண்களுக்குக் கீழே எப்போதும் தூக்கம் பாக்கி இருக்கும். "பாருங்கம்மா, உங்க திருடன் வரலாம், வராமலும் போகலாம். என் நோயாளி கண்டிப்பா வருவார். வந்து பேச ஆள் இல்லாம திரும்பிப் போனா அதுக்கு எந்த அப்டேட்டும் கிடையாது. புதன்கிழமை கூட்டத்துல வெச்சுக்கலாம்."

இதற்கு இப்போது யோசித்தாலும் சரியான பதில் கிடைப்பது கஷ்டம். இருக்கலாம் என்கிற ஆபத்தையும் நிச்சயமாக வரப்போகிற துன்பத்தையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? 'என் தம்பியும் உங்க நோயாளிதான் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சரி சார் என்று வெளியே வந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வாசல் மெஷினில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரிந்த பெயர்கள்தான் வந்தன. தெரிந்த பெயரைப் போட்டுக்கொண்டு தெரியாதவன் வரலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என்னக்கா, லீவு நாள்லயும் ஆந்தை மாதிரி முழிச்சுட்டே உக்காந்திருக்க?" என்றான் தம்பி. "உங்க ஆஸ்பத்திரில உனக்கே ஒரு ரூம் போட்டுக் குடுக்கச் சொல்லவா? எனக்கு அங்க ஆள் தெரியும்."

கேலி செய்கிற அளவுக்குத் தேறியிருந்தான். அவள் சிரித்தாள். அவன் முகம் மழிக்க பிளேடு வாங்கக் கடைக்குக் கிளம்பியதும் சிரிப்பு நின்றுபோனது.

திங்கட்கிழமை காலை இரண்டாவது எச்சரிக்கை வந்தது. புகுந்தவர்கள் குறிப்பாக மருத்துவமனைகளைத் தேடிப் போகிறார்கள் என்று. இந்த முறை பெரிய டாக்டர் புதன்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. "எல்லா விளக்கும் அணைஞ்சிருக்கிற நேரமாப் பாத்துப் பண்ணிடுங்க. பாதிப் பேச்சுல மட்டும் கை வைக்காதீங்க" என்றார்.

எல்லா விளக்கும் அணைவது அந்த மருத்துவமனையில் லேசில் நடக்காது. ஒன்று அணைந்தால் ஒன்று எரியும். பூட்டக்கா நடைபாதைக்கும் மாடிக்குமாக அலைந்தாள். மெஷின் அறையில் கேபிள்காரர் காதில் போனோடு தயாராக இருந்தார். கட்டடத்தின் வயர்களையெல்லாம் இழுத்தவர் அவர்தான். எதற்கும் பதறாத மனிதர்.

"மாடில எப்படி?" என்று போனில் கேட்டார்.

"ஒண்ணு எரியுது. வீட்லேருந்து ஒருத்தர் பேசுறாங்க. முடிச்சுட்டாங்க, போயிட்டு வரேன்னு சொல்லிட்டு இருக்காங்களாம்."

"போயிட்டு வரேன் சொல்லவே நம்ம ஜனங்களுக்கு அரை மணி ஆகுமேக்கா."

சாப்பாட்டு வேளை நெருங்கியபோது கடைசி விளக்கும் அணைந்தது. அடுத்த நோயாளி வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி.

"அக்கா, அணைக்கிறதுக்கு முன்னாடி மெஷினோட மெமரியைக் காப்பி எடுத்து வைக்கணும்னு அறிவிப்புல போட்டிருக்கே. எடுக்கட்டுமா?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தக் கிழட்டு மெஷினுக்கா? முக்கால் மணியாவது ஆகும்."

அது எதற்கு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இப்படிப்பட்ட திருடர்கள் தடயத்தை மெஷினின் மெமரியில் மட்டும்தான் விட்டுவைப்பார்கள். அணைத்து எழுப்பினால் அது அழிந்துபோகும். தரையைத் துடைப்பதற்கு முன் காலடித் தடத்தைப் படம் பிடித்துக்கொள்வதுபோல. ஆனால் முக்கால் மணி நேரத்தில் விளக்குகள் மறுபடி எரிய ஆரம்பித்துவிடும். பேச ஆரம்பித்தவரை நிறுத்த முடியாது. அதற்குப் பிறகு சாயங்காலம்வரை கதவு திறந்தே கிடக்கும். வேறு இடமாக இருந்திருந்தால் எல்லோரையும் வெளியே வரச்சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பேச்சை அறுக்கக் கூடாது என்பது எலும்பில் ஊறிப்போன ஓர் இடத்தில் மட்டுமே செய்யக்கூடிய தவறை அவள் செய்தாள்.

"வேண்டாம். முதல்ல கதவைச் சாத்துங்க."

அப்டேட் ஏறியது. மெஷின் அணைந்து எழுந்தது. அடுத்த நோயாளி உட்காருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பேச்சும் அறுபடவில்லை. பெரிய டாக்டர் தன் அறையிலிருந்து அவளுக்கு டீ கொடுத்தனுப்பினார். அதுவரை அப்படி நடந்ததில்லை.

மறுநாள் கேபிள்காரர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அவள் அறைக்கு வந்து, யாரும் உட்காராத ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. சனிக்கிழமை நம்ம மெஷின்லேருந்து வெளியில நிறையப் போயிருக்கு."

"என்ன போயிருக்கு?"

"அதான் தெரியல. எவ்வளவு போச்சுன்னுதான் என் பக்கம் தெரியும், என்ன போச்சுன்னு தெரியாது. நம்ம பேக்கப்பும், அதான் வாராவாரம் எடுத்து வைக்கிற நகலும், அதே நேரத்துலதான் வெளியில போகுது. அதுவாவே இருக்கலாம்."

"வழக்கத்தை விட அதிகமா?"

"கொஞ்சம் அதிகம். சில வாரம் அப்படியும் போகும்."

"அந்த காப்பியை எடுத்திருந்தா..."

கேபிள்காரர் தன் கை ரேகையைப் பார்த்தார். பிறகு, "கதவைச் சாத்தியாச்சு. உள்ள ஆள் இருக்கானான்னு பாக்காம சாத்திட்டோம்" என்றார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். வாசல் மெஷினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னாள். வரவேற்பில் இருந்த பெண், "என் பழைய காதலன் பேரைத்தான் வெச்சிருந்தேன் அக்கா. இப்ப புதுசா வைக்கணும்னா நான் எவனைத் தேடிப் போறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெளியிலிருந்து ஓர் ஆய்வாளரை வரவழைத்தார்கள். அவர் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து தோண்டிவிட்டு, "மெமரி இருந்திருந்தா வந்தாங்களா இல்லையான்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அதை அவளுக்குச் சொல்ல அவர் வந்திருக்க வேண்டியதில்லை.

நோயாளிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அதை மறைக்க அவர் நினைக்கவில்லை. அதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தானே வாக்கியத்தை எழுதி அவளிடம் காட்டினார். தங்கள் தகவல்கள் வெளியே சென்றதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று இருந்தது.

"இது உண்மைதானேம்மா?"

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆதாரத்தைத் தன் கையால் அழித்தவளுக்கு அது எவ்வளவு உண்மை என்று வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

"உண்மைதான் சார்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, அந்த வாக்கியம் வந்திருந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி நின்றான். அம்மா தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆதாரம் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"யாரும் எடுத்த மாதிரி தெரியலன்னு அர்த்தம்."

"எடுக்கலன்னு அர்த்தமா?"

அவள் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். அந்த நேரத்தில் ஒரு ஆமாம் போதும். அதைச் சொல்லியிருந்தால் யாராலும் அதைப் பொய் என்று நிரூபித்திருக்க முடியாது.

"தெரியாதுடா."

"உனக்கே தெரியாதா?"

"எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரிய வழி இல்ல."

"நீதானக்கா பூட்டு?"

குத்திக்காட்டும் குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்பவனைப்போலக் கேட்டான். அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்: விளக்குகள், சாப்பாட்டு வேளை, முக்கால் மணி. அவன் பாதியிலேயே தலையாட்டிவிட்டு, "சரி விடு" என்றான். உட்கார்ந்து சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு அவன் போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை. அவனைப் பார்த்துவந்த டாக்டர் இரண்டு மூன்று தடவை போன் செய்தார். "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டான். அரை நாள் வேலையும் நின்றது. தாடி வளர்ந்தது. அம்மா வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்து வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

"ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரலியாடி?" என்றாள் அம்மா. "ஊர்ல உலகத்துல யாரும் சொல்லாததா? யாரும் எடுக்கலடா ராசான்னு சொல்லியிருந்தா இன்னிக்கு அவன் வேலைக்குப் போயிட்டு இருப்பான்."

"நாளைக்கு வெளியில வந்துடுச்சுன்னா?"

"வந்துச்சா?"

"வரல."

"அப்புறம்?"

பூட்டக்கா அவன் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். அவள் பொய் சொல்லாததை நேர்மை என்று புகழ்ந்துவிடலாம். அதில் நேர்மை எவ்வளவு, வெறும் அசதி எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அம்மா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்தத் தகவலும் எங்கும் வெளிவரவில்லை. யாரும் மிரட்டவில்லை, யாரும் விற்கவில்லை. மாதங்கள் போனபின்னும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் மாறாமல் இருந்தது. திருடன் வந்திருந்தாலும் வராவிட்டாலும் தம்பி அந்த அறைக்குள்தான் கிடந்தான். வராதவனால்கூட ஒரு மனிதனைச் சாய்த்துவிட முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவன் அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வேற ஆஸ்பத்திரி பாக்கலாமாடா? கம்ப்யூட்டரே இல்லாத டாக்டரா பாத்துத் தேடுறேன்."

"உம்மேல கோபம் இல்லக்கா."

"அது எனக்குத் தெரியும்."

"அங்க சொன்னதுல பாதி உன்னைப் பத்தி, அம்மாவைப் பத்தி. எவனோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்து அதைப் படிச்சுட்டு இருக்கான்னு தோணிட்டே இருக்கு. படிக்கலன்னு நெனச்சா கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் மறுபடி படிக்க ஆரம்பிச்சுடுறான்."

கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அறிவிப்புகள் வந்தன. கூடுதல் வரியோடு வந்தவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். இப்போது பெரிய டாக்டர் மறுபேச்சில்லாமல் அனுமதி கொடுத்தார். மெமரிக் காப்பியும் எடுத்தார்கள். ஒருமுறை அதற்காக ஒரு நோயாளியின் பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டு மறுவாரம் திரும்பி வந்தார். ஓட்டைகள் குறைவதாகத் தெரியவில்லை. ஒன்றை அடைக்கும்போதே இன்னொன்று யாருக்கோ கிடைத்துக்கொண்டிருந்தது. இதற்கு முடிவு என்று ஒன்று இல்லை என்று கேபிள்காரர் சொன்னபோது, "முடிவு இருக்குன்னு யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருடத்தின் கடைசியில், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை, பூட்டக்கா வரவேற்பு மேசைக்கு முன்னால் நோயாளிகள் நிற்கும் இடத்தில் வந்து நின்றாள்.

"என்னக்கா, மெஷின் மறுபடி தொங்குதா?" என்றாள் வரவேற்புப் பெண்.

"இல்ல. ஒரு பேர் பதியணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இங்க வேலை பாக்குறவங்கன்னா கம்ப்யூட்டர்ல ஏத்தாமலே பாப்பாங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. எல்லாருக்கும் எப்படி ஏத்துறீங்களோ அப்படியே ஏத்துங்க."

"முழுப் பேரோடவா?"

"முழுப் பேரோட."

அவளைவிட அந்த மருத்துவமனையின் கதவுகளை அறிந்தவர் எவரும் இல்லை. எந்த மெஷினில் என்ன ஓட்டை இன்னும் அடைபடாமல் இருந்தது என்பதும் அன்று காலை அவளுக்குத் தெரியும். அன்று தொடங்கி வாரம் தவறாமல் போய் அந்த அறையில் உட்கார்ந்து பேசினாள். எவனோ ஒருவன் படிக்கலாம் என்று தெரிந்தே அவள் சொன்னதெல்லாம், தம்பி சொன்னவை இருந்த அதே கம்ப்யூட்டரில் ஏறியது. கேபிள்காரர் ஏன் என்று ஒரு தடவை கேட்டார், அம்மா பல தடவை கேட்டாள். தம்பி கேட்கவில்லை. அவள் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.